ஊருக்கும் நல்லது, கம்பெனிக்கும் லாபம்: கொங்கு நாட்டில் எங்கே நடந்தது, எங்கே கவிழ்ந்தது

கேள்வி சுருக்கமாக இதுதான். ஊத்துக்குளி பக்கம் அறுபது மெஷின் போட்டு ஜாப் ஒர்க் செய்யும் பனியன் யூனிட். அப்பா ஆரம்பித்தது, இப்போது மகன் பொறுப்பில். சமூகப் பிரச்சினையைத் தீர்ப்பதையே தொழிலாக்கி லாபம் பார்க்கலாம் என்று எம்.பி.ஏ. வகுப்பில் மைக்கேல் போர்ட்டரின் கருத்தைப் படித்திருக்கிறார். நம் ஊரில் இது நடக்குமா என்று கேட்கிறார். "தருமம் வேற, யாவாரம் வேற, ரெண்டையும் ஒரே கல்லாவுல போடாதே" என்கிறார் அப்பா. யார் சொல்வது சரி?

தம்பி, நடக்கும். அப்பா சொல்வதிலும் பாதி சரி.

போர்ட்டரும் மார்க் கிரேமரும் 2011-ல் எழுதியதன் சாரம் இவ்வளவுதான்: லாபத்தில் கொஞ்சம் எடுத்துத் தானம் கொடுத்தால், கொடுப்பவர் கை சுருங்கும்போது அந்த வேலை நின்றுவிடும். தீர்ப்பதிலேயே லாபம் இருந்தால் அது தானாகப் பெருகும். அதற்கு முன்பே, கோவையில் 1941-ல் பிறந்த சி.கே. பிரகலாத், ஏழைகளை உதவி கேட்டு நிற்பவர்களாகப் பார்க்காதீர்கள், விலை பார்த்து வாங்கும் வாடிக்கையாளர்களாகப் பாருங்கள் என்று பெரிய கம்பெனிகளிடம் சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டுமே நல்ல யோசனைகள்தான். ஆனால் நான் வங்கியில் தொழில் கடன் பிரிவில் இருந்தவன். எவ்வளவு நல்ல நோக்கத்தோடு புராஜெக்ட் ரிப்போர்ட் வந்தாலும், கண் முதலில் தேடுவது வேறு ஒன்றை. இந்தப் பிரச்சினைக்கான செலவை இப்போது யார் சுமக்கிறார்? காசாகவா, உடம்பாகவா, நிலமாகவா? பிரச்சினை தீர்ந்தால் அவர் கையில் மிச்சமாவது என்ன, அதில் ஒரு பங்கை உங்களிடம் தர அவருக்கு ஏதாவது காரணம் உண்டா? இதற்குப் பதில் இல்லாத திட்டம், எவ்வளவு அழகாக இருந்தாலும், மூன்றாவது வருடம் தவணை கட்டாது.

இதைத் திருப்பூர் சாயத்தைப் போல வேறு எதுவும் நமக்குச் சொல்லித் தராது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் வயதுக்காரர்களுக்கு இதன் முடிவு மட்டும்தான் தெரியும்.

பருத்தித் துணிக்கு ரியாக்டிவ் சாயம் ஏற வேண்டுமென்றால் உப்பு வேண்டும். அடர்ந்த நிறம் என்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு அறுபது, எண்பது கிராம் வரை போவது சாதாரணம். அந்த உப்பு துணியில் தங்குவதில்லை, முழுக்கத் தண்ணீரோடு வெளியே போய்விடும். 1990-களின் கடைசியில் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. ஆனால் அவை நிறத்தையும் கசடையும்தான் எடுத்தன. பார்வைக்குத் தெளிந்த தண்ணீர், உள்ளே அதே உப்பு. அது நொய்யல் ஆற்றில் இறங்கி, சென்னிமலைக்குப் பக்கத்தில் 1992-ல் பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது. கீழே கரூர் பக்கம்வரை கிணறுகள் கெட்டன, தென்னை காய்ந்தது. அணையில் தண்ணீர் இருந்தும், அதைத் திறந்துவிடாதீர்கள் என்று ஆயக்கட்டு விவசாயிகளே சொல்லும் நிலை வந்தது.

இந்த இடத்தில் நம் கேள்வியைப் போட்டுப் பாருங்கள். செலவைச் சுமந்தவர் கீழ்மடை விவசாயி. சாயப்பட்டறைக்காரருக்கு உப்புத் தண்ணீரை வெளியே விடுவதில் செலவே இல்லை. அன்றைக்கு ஒருவர் நல்ல சுத்திகரிப்புத் தொழில்நுட்பத்தோடு வந்திருந்தால் அதை யார் வாங்கியிருப்பார்? விவசாயியிடம் காசு இல்லை, பட்டறைக்காரரிடம் காரணம் இல்லை. சந்தை என்பதே கிடையாது.

சந்தையை உண்டாக்கியது நீதிமன்றம். விவசாயிகள் தொடுத்த வழக்கில், 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு சொட்டுக் கழிவும் வெளியேறக் கூடாது என்றது. 2009-ல் உச்ச நீதிமன்றமும் அதன் பக்கமே நின்றது. அப்படியும் இழுத்தடித்ததால் 2011 ஜனவரி 28 அன்று எல்லாச் சாயப்பட்டறைகளையும் மூடச் சொல்லி உத்தரவு வந்தது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள். சாயம் போடாத கிரே துணியை வண்டியில் ஏற்றிக்கொண்டு எங்கெங்கோ சாயம் போடப் போனார்கள், ஆர்டர்கள் தவறின, வாடகை வீடுகள் காலியாயின. உங்கள் அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள், அந்த வருடத்தை அவர் மறந்திருக்க மாட்டார்.

விவசாயி தலையில் இருந்த செலவு அன்றோடு பட்டறைக்காரர் தலைக்கு மாறியது. மாறியதும் எல்லோருக்கும் கணக்குப் புரிய ஆரம்பித்தது. உயிரியல் முறையில் சுத்திகரித்து, ஆர்.ஓ.வில் விட்டு, எஞ்சும் அடர்த்தியான உப்புநீரை ஆவியாக்கி உப்பைப் பிரிப்பது என்று வரிசையாக இயந்திரங்கள் வந்தன. ஆவியாக்குவதுதான் பணத்தைத் தின்னும் இடம், நீராவியும் மின்சாரமும் அப்படி இழுக்கும். அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடனாகக் கொடுத்தது. ஆனாலும் நிலைமையை மாற்றியது ஒரு சின்ன யோசனை. அந்த உப்புநீரை ஏன் முழுக்கக் காய்ச்ச வேண்டும்? சாயம் போடத்தான் உப்புநீர் வேண்டுமே! நிறத்தையும் கடினத்தன்மையையும் மட்டும் எடுத்துவிட்டு அதையே திரும்பச் சாயத்தொட்டிக்கு அனுப்பலாம். அருள்புரம் நிலையத்தில் இதைச் செய்து காட்டினார்கள். காய்ச்ச வேண்டிய அளவு குறைந்தது, புது உப்பு வாங்குவது குறைந்தது, தண்ணீரில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் திரும்பக் கிடைத்தது. ஒரு காலத்தில் பட்டறைகள் சுற்றியுள்ள கிராமக் கிணறுகளிலிருந்து லாரி லாரியாக விலைக்கு வாங்கிய தண்ணீர் அது.

இன்றைக்கு ஐரோப்பிய பையர் முன்னால் திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் பெருமையாக எடுத்துவைக்கும் முதல் அட்டை இதுதான். மற்ற நாட்டுப் போட்டியாளர்களிடம் இல்லாத ஒன்றாகச் சொல்லி வியாபாரம் பிடிக்கிறார்கள். சந்தோஷம். ஆனால் சரித்திரத்தைத் திருத்தி எழுதக் கூடாது. தொழிலதிபர்கள் தாமாக முன்வந்து ஆற்றைக் காப்பாற்றினார்கள் என்று யாராவது மேடையில் சொன்னால், கைதட்டாமல் உட்கார்ந்திருங்கள். செலவு தன் பக்கம் வரும்வரை எந்த வியாபாரியும் அதைப் பிரச்சினையாகப் பார்க்கவில்லை. வந்த பிறகு, அதில் காசு எடுக்கும் வழியை நம் ஆட்களைப் போலக் கண்டுபிடித்தவர்களும் குறைவு.

இதே கதைக்கு ஒரு வால் உண்டு. திருப்பூருக்குத் தண்ணீர்ப் பஞ்சம் என்று, பவானிப் பக்கம் காவிரியில் எடுத்துக் குழாயில் கொண்டுவர ஆயிரம் கோடி ரூபாய் அளவில் ஒரு திட்டம் போட்டார்கள். நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர், அரசும் தனியாரும் சேர்ந்த கம்பெனி. தொழிற்சாலைக்கு அதிக விலை, வீடுகளுக்கும் வழியில் உள்ள கிராமங்களுக்கும் குறைந்த விலை. காகிதத்தில் பார்த்தால் போர்ட்டரே மெச்சும் திட்டம். ஆனால் அதிக விலை கொடுக்க வேண்டியவர்களே சாயப்பட்டறைக்காரர்கள். பட்டறைகள் மூடிக் கிடந்தபோது வாங்க ஆள் இல்லை, திறந்த பிறகு அவர்கள் தங்கள் தண்ணீரையே சுழற்றி எடுத்துக்கொண்டார்கள். கம்பெனி கடனைத் திருப்ப முடியாமல் திணறியது. ஒரு பிரச்சினையை ஒருவர் தீர்த்தால் அதே பிரச்சினையை நம்பிக் கடை போட்ட இன்னொருவருக்கு நஷ்டம். வங்கியில் இருந்தபோது இந்தத் திட்டத்தை எனக்குத் தெரிந்த பல பேர் ஆகா ஓகோ என்று பேசினார்கள். பெரிய வாடிக்கையாளர்கள் எல்லோரும் ஒரே தொழிலில் இருக்கிறார்களே என்று யோசித்தவர் குறைவு.

சரி, வாங்குபவர் ஏழையாக இருக்கும் இடத்துக்கு வருவோம். அங்கே இரண்டு வழிகள் நம் பக்கத்தில் வேலை செய்திருக்கின்றன.

ஒன்று, கண் ஆஸ்பத்திரி வழி. அரவிந்த் 1976-ல் மதுரையில் 11 படுக்கையோடு தொடங்கி, 1997-ல் கோவைக்கு வந்தது. கோவையிலேயே டாக்டர் ஆர்.வி. ரமணி தொடங்கிய சங்கரா கண் மருத்துவமனை, நூறில் எண்பது பேருக்கு இலவசம், இருபது பேரிடம் கட்டணம் என்ற கணக்கில் ஓடுகிறது. வெளியிலிருந்து பார்ப்பவர்கள் பணக்காரர் கொடுத்து ஏழைக்குப் போகிறது என்று நினைக்கிறார்கள். அது பாதிதான். ஆபரேஷன் தியேட்டர், மைக்ராஸ்கோப், டாக்டர் சம்பளம் எல்லாம் ஆள் வந்தாலும் வராவிட்டாலும் ஆகும் செலவு. கூடுதலாக ஒரு கண்புரை அறுவைக்கு ஆவது லென்ஸ், மருந்து, கொஞ்சம் பஞ்சும் துணியும். ஆகவே டாக்டரின் ஒரு மணி நேரத்தில் எத்தனை அறுவை என்பதுதான் மொத்த விளையாட்டே. அரவிந்தில் ஒரே அறையில் மேஜைகளை அடுத்தடுத்துப் போட்டு, ஒருவருக்கு முடிவதற்குள் அடுத்தவரைத் தயாராக வைத்துவிடுவார்கள். டாக்டர் திரும்பி உட்கார்ந்தால் போதும். தயார் செய்வது, அளவெடுப்பது, கட்டுப் போடுவது எல்லாம் கிராமத்திலிருந்து எடுத்து இரண்டு வருடம் பயிற்சி கொடுத்த பெண்கள். இறக்குமதி லென்ஸ் விலை கட்டுப்படியாகவில்லை என்றதும், 1992-ல் ஆரோலேப் என்று தனியாக ஆரம்பித்து லென்ஸையே செய்தார்கள். அது இன்று பல நாடுகளுக்குப் போகிறது.

உங்களுக்கு இது புதிதாக இருக்காது. லைன் பேலன்சிங், அதாவது எந்த மெஷினும் அடுத்த வேலைக்காகக் காத்து நிற்கக் கூடாது என்று உங்கள் சூப்பர்வைசர் காலையில் கத்துவாரே, அதேதான். ஒன்று மட்டும் மறக்க வேண்டாம், இவை அறக்கட்டளைகள். மிச்சம் வரும், ஆனால் அது யார் வீட்டுக்கும் போகாது, அடுத்த ஆஸ்பத்திரி கட்டப் போகும். பங்குதாரர் லாபம் கேட்டிருந்தால் எண்பதுக்கு இருபது என்பது எவ்வளவு நாள் நின்றிருக்கும் என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

இரண்டாவது, முருகானந்தம் வழி. கோவைக்காரர், வெல்டிங் பட்டறையில் வேலை பார்த்தவர். நாப்கின் கதையை எல்லோரும் உணர்ச்சியோடு சொல்கிறார்கள், மனைவி, ஊர்ப்பேச்சு, ஆட்டு ரத்தம் என்று. அதிலுள்ள வியாபார மூளையை யாரும் பேசுவதில்லை. பெரிய கம்பெனி நாப்கினில் உள்ளே இருப்பது வெறும் பஞ்சு இல்லை, மரக்கூழிலிருந்து எடுத்த நார் என்று கண்டுபிடிக்கவே அவருக்கு நெடுநாள் ஆனது. அதைச் செய்யும் இயந்திரத்தின் விலை கோடிகளில். அந்த வேலையை அரைப்பது, அமுக்குவது, ஒட்டுவது, கிருமி நீக்குவது என்று பிரித்து, ஒரு மகளிர் குழு வங்கிக் கடனில் வாங்கக்கூடிய சின்ன இயந்திரங்களாக்கினார். அங்கே நின்று அவர் எடுத்த முடிவுதான் முக்கியமானது. நாப்கின் விற்காமல் இயந்திரத்தை விற்றார். நாப்கின் விற்கப் போயிருந்தால் விளம்பரம், டீலர், கமிஷன் என்று பெரிய கம்பெனிகளோடு மோதி நொந்திருப்பார். இயந்திரத்தை விற்றதால், தெருவில் கூச்சமில்லாமல் பேசி விற்கக்கூடிய பெண்களே அவருடைய வியாபாரிகளானார்கள். வாடிக்கையாளர் அவர்கள், பணம் கொடுப்பது வங்கி. 2016-ல் பத்மஸ்ரீ வந்தது.

இதிலும் ஒரு முள். 2017-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது நாப்கினுக்கு 12 சதவீதம். ஊரெல்லாம் கண்டனம் எழுந்து 2018 ஜூலையில் வரியை அடியோடு எடுத்தார்கள். எல்லோரும் கொண்டாடினோம். வரியே இல்லாத பொருளுக்கு மூலப்பொருளில் கட்டிய வரியைத் திரும்ப எடுக்க முடியாது என்பது கணக்குப்பிள்ளைகளுக்குத்தான் உறைத்தது. மரக்கூழுக்கும் பாலித்தீன் தாளுக்கும் கட்டிய வரி அப்படியே அடக்கவிலையில் ஏறியது. பெரிய கம்பெனி அதைத் தாங்கும், பத்துப் பெண்கள் சேர்ந்து நடத்தும் குழுவுக்கு அது கனம். சமூக நன்மை செய்யும் தொழிலில் இறங்கினால் அரசின் நல்ல எண்ணமும் ஒரு ரிஸ்க் என்று புராஜெக்ட் ரிப்போர்ட்டில் ஒரு வரி எழுதி வைக்க வேண்டும். நான் பாதி விளையாட்டாகத்தான் சொல்கிறேன், பாதிதான்.

அரசே வாடிக்கையாளராக இருக்கும் வழியும் உண்டு. நாமக்கல் முட்டை அதற்கு உதாரணம். 1989-ல் சத்துணவில் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை என்று ஆரம்பித்து, 2010-ல் வாரத்துக்கு ஐந்து ஆனது. பிள்ளைகளுக்குச் சத்து, பண்ணைகளுக்கு நிலையான கிராக்கி. ஆனால் டெண்டர் உலகம் வேறு உலகம், அறுபது மெஷின்காரர் அங்கே நுழைய வேண்டாம்.

கழிவைக் காசாக்கும் வழிக்குப் பொள்ளாச்சியைப் பாருங்கள். தென்னை மட்டையில் நார் எடுத்த பிறகு கிடைக்கும் துகள், ஒரு காலத்தில் ரோட்டோரம் மலையாகக் குவிந்து கிடந்த தொல்லை. இன்று அதைக் கழுவி, காயவைத்து, ஐந்து கிலோ கட்டியாக அமுக்கி, மண்ணே இல்லாமல் தக்காளியும் ஸ்ட்ராபெர்ரியும் வளர்க்கும் வெளிநாட்டுப் பசுமைக்குடில்களுக்கு அனுப்புகிறார்கள். நாருக்கு விலை விழுந்த வருடங்களில் துகள்தான் பல மில்களைக் காப்பாற்றியது. பிரச்சினை தீர்ந்தது, லாபமும் வந்தது என்று முடித்துவிடலாம்தான். ஆனால் துகளில் இருக்கும் உப்பைக் குறைக்க அதைத் தண்ணீரில் கழுவ வேண்டும், அந்தக் கழுவுநீர் செந்நிறமாக நிலத்தில் இறங்கும். கிணறு நிறம் மாறிவிட்டது என்று பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் புகார் செய்தார்கள். மாசு குறைந்த வெள்ளைப் பட்டியலில் இருந்த கயிறு நார்த் தொழிலை 2021-ல் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கட்டுப்பாடு அதிகமான ஆரஞ்சுப் பட்டியலுக்கு மாற்றியது. மில்காரர்களுக்குக் கோபம். அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு, காய்ந்த நாரை மட்டும் எடுப்பவரையும் துகள் கழுவுபவரையும் ஒரே தட்டில் வைக்கலாமா என்று கேட்டார்கள். ஆனாலும் திருப்பூரில் நடந்தது தெரிந்தவர் எவரும், செலவு பக்கத்துத் தோட்டத்துக்காரர் தலையில் இருக்கும்போதே கழுவுநீருக்குத் தொட்டி கட்டிக்கொள்வார்.

ஓடந்துறைப் பஞ்சாயத்தை இங்கே சொல்லாமல் விட முடியாது. மேட்டுப்பாளையம் பக்கம். கரண்ட் பில் கட்டி மாளவில்லை என்று 2006-ல் வங்கிக் கடன் எடுத்து, ஒன்றரைக் கோடி ரூபாய்க்குச் சற்று மேல் போட்டு, 350 கிலோவாட் காற்றாலை ஒன்று வாங்கினார்கள். தங்கள் தேவை போக மிச்சத்தை மின்வாரியத்துக்கு விற்றார்கள். கம்பெனிக்காரர்கள் செய்யும் வேலையைப் பஞ்சாயத்தே செய்தது. செலவு யாருடையதோ அவரே முதலாளி, அதனால் குழப்பமே இல்லை.

இப்போது எனக்குப் பிடிக்காத, ஆனால் சொல்லியே ஆக வேண்டிய ஒன்று. சமூகப் பிரச்சினையைத் தீர்க்கிறோம் என்ற பெயரில் நம் கோவை, ஈரோடு, திருப்பூர் வட்டாரத்தில் மிகப் பரவலாக நடந்தது எது தெரியுமா? சுமங்கலித் திட்டம். ஏழை வீட்டுப் பெண்ணுக்குக் கல்யாணச் செலவுக்குக் காசில்லை. ஸ்பின்னிங் மில்லில் மூன்று வருடம் விடுதியில் தங்கி வேலை பார்த்தால், முடிவில் முப்பதாயிரமோ ஐம்பதாயிரமோ மொத்தமாகக் கிடைக்கும். மில்லுக்கு ஆள் பற்றாக்குறை தீரும், வீட்டுக்குச் சீர் செய்யப் பணம். திருமணப் பந்தல் படத்தோடு நோட்டீஸ் அடித்தார்கள். இதைத் தருமம் என்றே நம்பிப் பேசிய முதலாளிகள் உண்டு.

கணக்கைப் பிரித்தால் என்ன தெரிந்தது? அந்த மொத்தத் தொகை பெரும்பாலும் அவளுடைய சொந்தச் சம்பளத்தில் மாதாமாதம் பிடித்து வைத்ததுதான். உடம்பு முடியாமல் இரண்டரை வருடத்தில் கிளம்பினால் அதுவும் போயிற்று. வெளியே போக அனுமதி இல்லை, ஓவர்டைமுக்கு அளவில்லை, பதினெட்டு வயது ஆகாத பிள்ளைகளும் இருந்தார்கள். 2011 வாக்கில் வெளிநாட்டு அமைப்புகள் அறிக்கை வெளியிட, சில ஐரோப்பிய பையர்கள் ஆர்டரை நிறுத்தினார்கள். அப்புறம்தான் ஊர் பேச ஆரம்பித்தது. இங்கே பிரச்சினையின் செலவு இடம் மாறவே இல்லை. முதலிலும் அந்தப் பெண் தலையில், கடைசியிலும் அவள் தலையில். நடுவில் லாபம் மட்டும் வந்தது. பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் தறிக்காரர் வீடுகளில் குழுக்கடன் வாரத்தவணை படுத்திய பாடும் இதே ஜாதிதான். ஏழைக்கும் கடன் கிடைக்கட்டும் என்று ஆரம்பித்தது, 2025-ல் அடாவடி வசூலைத் தடுக்கத் தமிழ்நாடு தனிச் சட்டமே போட வேண்டிய இடத்தில் வந்து நின்றது. உங்கள் அப்பா இரண்டையும் ஒரே கல்லாவில் போடாதே என்கிறாரே, அவர் மனதில் இந்த மாதிரி ஆட்கள் இருக்கலாம்.

ஆக உங்களுக்கு என்ன செய்யலாம்?

முதலில் சி.எஸ்.ஆரை, அதாவது பெரிய கம்பெனிகள் சட்டப்படி செய்ய வேண்டிய சமூகச் செலவை, தள்ளி வையுங்கள். 2013 கம்பெனிச் சட்டத்தின் 135-ஆம் பிரிவு, நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இதில் ஏதாவது ஒன்றைத் தொட்ட கம்பெனிகளுக்குத்தான். அவர்கள் மூன்று வருடச் சராசரி லாபத்தில் இரண்டு சதவீதம் செலவழிக்க வேண்டும். வழக்கமான தொழிலின் பகுதியாகச் செய்வதும், சொந்தத் தொழிலாளருக்கு மட்டும் செய்வதும் அதில் சேராது. அதாவது நீங்கள் கேட்கும் விஷயத்தைச் சட்டமே சி.எஸ்.ஆர். இல்லை என்கிறது. குளம் தூர்வார நன்கொடை கேட்டால் கொடுங்கள், நல்ல காரியம், ஆனால் அது தருமக் கணக்கு. கட்டிங் வேஸ்ட், அதாவது வெட்டி மிஞ்சும் துண்டுத் துணி, அதன் மறுசுழற்சியிலும் இறங்க வேண்டாம். பல்லடம், உடுமலை, கரூர் பக்கம் கழிவுப் பஞ்சில் நூல் நூற்கும் ஓ.ஈ. மில்களும் வேஸ்ட் வியாபாரிகளும் அதை எப்போதோ கிலோக் கணக்கில் பிரித்துக்கொண்டார்கள். உங்களுக்கு அதில் மார்ஜின் இருக்காது.

உங்கள் யூனிட்டுக்குள்ளேயே ஒரு சமூகப் பிரச்சினை இருக்கிறது, அதன் செலவில் ஒரு பங்கை நீங்களே சுமக்கிறீர்கள். தைக்கத் தெரிந்த பெண்கள் குழந்தை பிறந்ததும் நின்றுவிடுவது. அவர்களுக்கு வருமானம் போகிறது, உங்களுக்கு மெஷின் சும்மா நிற்கிறது. ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும், தாய் ஒரு நாளில் நான்கு முறை போய்ப் பார்க்கலாம் என்று 2017-லேயே சட்டம் வந்துவிட்டது. பல இடங்களில் ஆடிட் வரும் நாளில் மட்டும் ஒரு தொட்டிலும் இரண்டு பொம்மையும் வெளியே வரும். அதை நிஜமாக நடத்தினால் கட்டுப்படியாகுமா என்று பார்ப்போம். எண்கள் உதாரணத்துக்கு, உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள்.

அறுபதில் தினமும் ஆறு மெஷின் ஆள் இல்லாமல் நிற்கிறது என்று வைப்போம். ஒரு மெஷின் ஓடினால் கூலி போக நாளுக்கு 400 ரூபாய் உங்கள் வாடகை, கரண்ட், வட்டிக்கு உதவுகிறது என்றால், 26 நாளில் ஒரு மெஷினுக்கு 10,400. ஆறுக்கு மாதம் 62,400 ரூபாய் போகிறது. காப்பகத்துக்கு இரண்டு ஆயாக்கள் சம்பளம் 24,000, பாலும் சாப்பாடும் 12,000, இடமும் மற்றதும் 8,000, ஆக 44,000. காப்பகம் இருப்பதால் நான்கு மெஷின் ஓட ஆரம்பித்தால் வருவது 41,600, கையைக் கடிக்கும். ஐந்து ஓடினால் 52,000, மாதம் எட்டாயிரம் மிச்சம். இவ்வளவு மெல்லிய கோட்டில்தான் பெரும்பாலான "ஊருக்கும் நல்லது, எனக்கும் லாபம்" திட்டங்கள் நிற்கின்றன. பக்கத்து இரண்டு கம்பெனிகளைச் சேர்த்துக்கொண்டு ஒரே காப்பகம் நடத்தினால் கோடு அகலமாகிவிடும், இடமும் ஒரு ஆயா சம்பளமும் பங்காகும். தீபாவளி போனஸ் வாங்கிக்கொண்டு போனவர்கள் திரும்பி வருவதையும், புது ஆளுக்கு ஓவர்லாக் சொல்லிக்கொடுக்கும் மூன்று மாதச் சேதாரம் குறைவதையும் நான் இதில் சேர்க்கவே இல்லை. அதைச் சேர்த்தால் நான்கிலேயே கட்டுப்படியாகலாம்.

பெண்களிடமே காசு வாங்கலாமா என்று கேட்பீர்கள். பெயருக்கு ஒரு தொகை வாங்கலாம், இல்லாவிட்டால் யாரும் தரத்தைக் கேள்வி கேட்க மாட்டார்கள். சம்பளத்தில் பிடித்து வைத்து, இத்தனை வருடம் இருந்தால்தான் திரும்பத் தருவேன் என்று மட்டும் போகாதீர்கள். அது எங்கே போய் முடியும் என்று மேலேயே சொல்லிவிட்டேன்.

இடம் பிடித்து ஆயா தேடுவதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. போன பொங்கலிலிருந்து நின்றுபோனவர்களின் பெயரை மஸ்டர் ரோலில் (வருகைப் பதிவேட்டில்) எடுத்து, ஏன் நின்றார்கள் என்று ஒவ்வொருவராகக் கேட்கச் சொல்லுங்கள். நீங்கள் போனால் "வூட்ல வேலைங்" என்று மட்டும்தான் பதில் வரும். உங்கள் அம்மாவோ, பழைய செக்கிங் அக்கா யாராவதோ போனால் உண்மையான காரணம் வரும். அதில் பாதிப் பேருக்குமேல் குழந்தையைச் சொன்னால் காப்பகம். ராத்திரி எட்டு மணிக்கு மேல் பஸ் இல்லை என்று சொன்னால், இந்தக் கணக்கைக் கிழித்துப் போட்டுவிட்டு கம்பெனி வண்டி விடும் கணக்கை முதலிலிருந்து போட வேண்டும். அதில் டீசலோடு எஃப்.சி., இன்சூரன்ஸ், டிரைவர் படி மூன்றையும் சேர்க்க மறக்காதீர்கள், எல்லோரும் டீசலை மட்டும் போட்டுவிட்டு வருகிறார்கள்.